பீரங்கி, ட்ரோன், தூரம்: கேள்வி பதில்

உக்ரைன் போர்ச் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பீரங்கிப் படையில் கமாண்ட் போஸ்ட்டில் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் எத்தனை சார்ஜ் (ஷெல்லைத் தள்ளும் வெடிமருந்துப் பை) வைத்துச் சுட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலை பார்த்தவன் நான். அந்தக் கண்ணோட்டத்தில்தான் பதில் வரும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை, எல்லாம் வெளியில் வந்த தகவல்தான்.

கேள்வி: ஒரு பீரங்கி 24 கி.மீ. சுடுகிறது, இன்னொன்று 40 கி.மீ. சுடுகிறது என்கிறார்கள். இரண்டும் 155 மி.மீ.தான். எப்படி இந்த வித்தியாசம்? (ஈரோடு வாசகர்)

பதில்: முதல் காரணம் குழலின் நீளம். அமெரிக்காவின் எம்777, நம் பழைய போபர்ஸ் இரண்டுக்கும் குழல் 39 காலிபர். அதாவது 155 மி.மீ.யைப் போல் 39 மடங்கு, சுமார் 6 மீட்டர். இப்போது வருபவை 52 காலிபர், 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குழல் நீண்டால் எரிவாயு ஷெல்லைத் தள்ளும் நேரமும் கூடும், வாயை விட்டு வெளியேறும் வேகமும் கூடும்.

இரண்டாவது ஷெல்லின் பின்பக்கம். ஷெல் பறக்கும்போது அதன் தட்டையான அடியில் காற்றழுத்தம் குறைந்து பின்னுக்கு இழுக்கும். அந்த இடத்தில் மெதுவாக எரியும் மருந்தை வைத்து, வரும் வாயுவால் வெற்றிடத்தை நிரப்பினால் இழுவை குறைகிறது. இதுதான் பேஸ் ப்ளீட். பலர் இதை ராக்கெட் என்று நினைக்கிறார்கள். இது ஷெல்லைத் தள்ளுவதில்லை, இழுப்பதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ராக்கெட் உதவி ஷெல் தனி ரகம்.

கேள்வி: அப்படியானால் குழலை இன்னும் நீட்டி, மருந்தை இன்னும் கூட்டினால் 100 கி.மீ. போகாதா சார்? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: போகும் தம்பி. எத்தனை முறை போகும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கா அதைத்தான் செய்து பார்த்தது. எக்ஸ்எம்1299 என்ற பீரங்கிக்கு 58 காலிபர், 9 மீட்டர் நீளக் குழல் பொருத்தினார்கள். 2020 டிசம்பரில் அரிசோனாவின் யூமா சோதனைத் தளத்தில் 70 கி.மீ. தள்ளி இருந்த இலக்கை எக்ஸ்காலிபர் என்ற ஜிபிஎஸ் ஷெல்லால் நேராக அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். 2024-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதிக அழுத்தத்தில் குழலின் உட்புறம் வேகமாகத் தேய்ந்ததுதான் சிக்கல்.

இது புதுப் பிரச்சினையே இல்லை. 1918-ல் ஜெர்மானியர்கள் 120 கி.மீ. தூரத்திலிருந்து பாரிஸ் நகரத்தைச் சுட்டார்கள். 34 மீட்டர் குழல், ஷெல் கிட்டத்தட்ட 40 கி.மீ. உயரம் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஷெல்லுக்கும் வரிசை எண் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் தேய்ந்து அகலமாகும் என்பதால், அடுத்த ஷெல்லை மயிரிழை பெரிதாகவே செய்து அனுப்பினார்கள். வரிசை மாறினால் தீர்ந்தது கதை. இத்தனை சிரமத்துக்கும் ஒரு நகரத்தைக் குறிவைக்க முடிந்ததே தவிர, ஒரு கட்டடத்தைக் குறிவைக்க முடியவில்லை. புனித வெள்ளியன்று ஒரு ஷெல் செயின்ட் ஜெர்வே தேவாலயத்தின் மேல் விழுந்து, வழிபாட்டில் இருந்த 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ராணுவத்துக்கு அதில் என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை.

கண்காட்சியில் ஒரு கம்பெனி தூரக் கணக்கு சொன்னால், குழல் எத்தனை ரவுண்டு தாங்கும் என்று நான் அடுத்ததாகக் கேட்பேன்.

கேள்வி: 40 கி.மீ. தள்ளி இருப்பதை எப்படிக் குறி பார்க்கிறார்கள்? ஜிபிஎஸ் இருந்தால் போதாதா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: சாதாரண ஷெல்லுக்குள் ஜிபிஎஸ் கிடையாது அம்மா. அது ஒரு நிமிடத்துக்கும் மேல் காற்றில் இருக்கும், பல கிலோமீட்டர் உயரம் போகும். கீழே ஒரு திசையில் காற்று, மேலே வேறு திசையில் காற்று. வெப்பம், காற்றின் அடர்த்தி எல்லாம் உயரத்துக்கு உயரம் மாறும். அதற்காகத்தான் வானிலை பலூன் விட்டு அளந்து எங்களுக்கு அனுப்புவார்கள். அது மட்டுமில்லை, மருந்துப் பையின் சூடுகூடக் கணக்கில் வரும். அடுக்கி வைத்த சார்ஜுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி வைத்திருப்போம். தார்ப்பாய் விலகி ஒரு பக்க அடுக்கில் மட்டும் வெயில் பட்டால், அந்தப் பையிலிருந்து போகும் ஷெல் தூரம் தாண்டி விழும். இத்தனையும் சரியாகப் பார்த்தாலும் உச்ச தூரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் சிதறல் இருக்கும்.

எக்ஸ்காலிபர் மாதிரி ஜிபிஎஸ் ஷெல் சில மீட்டருக்குள் விழும். ஒன்று சுமார் ஒரு லட்சம் டாலர். 2022-ல் உக்ரைனில் அற்புதமாக வேலை செய்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த, ஜிபிஎஸ் வழிகாட்டும் ஹைமார்ஸ் ராக்கெட்டும் அப்படித்தான். 70 கி.மீ. தாண்டி ரஷ்ய வெடிமருந்துக் கிடங்குகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தியது. பிறகு ரஷ்யர்கள் ஜாமர்களை, அதாவது சிக்னலைக் குலைக்கும் கருவிகளைக் குவித்தார்கள். எக்ஸ்காலிபரின் வெற்றி விகிதம் அதலபாதாளத்துக்குப் போனது. ஹைமார்ஸுக்கும் அடி விழுந்தது. ஆனால் ராக்கெட்டின் வெடிதலை சுமார் 90 கிலோ என்பதால், கொஞ்சம் விலகி விழுந்தாலும் சேதம் உண்டு.

கேள்வி: ட்ரோன் வந்துவிட்டது, பீரங்கி காலம் முடிந்தது என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்களே அண்ணே? (மூன்று பேர் கேட்டது)

பதில்: சொல்பவர்கள் மழைக்காலத்தில் ட்ரோன் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் ட்ரோன் பீரங்கிக்குச் செய்த உதவியைப் பாருங்கள். முன்பு ஒரு ஓ.பி. (கண்காணிப்பு நிலை) அதிகாரி மலை உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டு, பைனாகுலரில் பார்த்து, ரேடியோவில் "இடது 200, கூட்டு 400" என்று சொல்லுவார். அவர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் எதிரி இருந்தால் குருட்டடிதான். இப்போது மேவிக் மாதிரி ஒரு சின்ன கேமரா ட்ரோனை ஏற்றிவிட்டால் ஷெல் விழும் இடம் திரையில் தெரிகிறது. இரண்டாவது மூன்றாவது ஷெல்லிலேயே திருத்தி அடித்துவிடலாம். வழிகாட்டி இல்லாத சாதாரண ஷெல்லுக்கே கண் கிடைத்த மாதிரி.

இப்போது பாதகம். அதே கண் எதிரிக்கும் இருக்கிறது. முன்பு திறந்தவெளியில் ஆறு பீரங்கிகளை வரிசையாக நிறுத்துவோம். உக்ரைனில் இன்று அப்படி நிறுத்தினால் மாலைவரை தாங்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மரத்தடியில், குழி தோண்டி, வலை போட்டு மறைக்கிறார்கள். பிரான்சின் சீசர், சுவீடனின் ஆர்ச்சர் மாதிரி சக்கரம் வைத்தவை நின்று, சில ரவுண்டு சுட்டு, ஓரிரு நிமிடத்தில் இடத்தைக் காலி செய்கின்றன. ஆனால் சாலைக்கு மேலேயே ட்ரோன் சுற்றும்போது, ஓடுகிற வண்டிதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆகவே சுட்டதும் ஓடு என்ற பழைய பாடமும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஓடுவதைவிட ஒளிந்திருப்பது மேல் என்பவர்கள் பக்கம்தான் நான்.

எஃப்பிவி ட்ரோன், அதாவது அதன் கேமரா படத்தைப் பார்த்தே ஓட்டி இலக்கில் மோதவிடும் ட்ரோன், சுமார் 500 டாலர். ஆர்பிஜி ராக்கெட்டின் வெடிதலையைக் கட்டி அனுப்பினால் டாங்கியையும் முடக்கும். ஆனால் பனிமூட்டத்தில் பார்க்காது, பலத்த காற்றில் தள்ளாடும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இறக்கையில் பனி உறையும். 43 கிலோ ஷெல்லுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஏழு கிலோ வெடிமருந்தைச் சுமந்துகொண்டு நள்ளிரவு மழையிலும் போய் விழும். ஜாமரால் அதைத் தடுக்கவும் முடியாது. பதுங்குகுழியில் இருப்பவனைத் தலை தூக்க விடாமல் வைப்பது ஷெல்தான். தலை தூக்கினவனைத் தேடிப் பிடிப்பது ட்ரோன்.

கேள்வி: பைபர் கேபிள் கட்டிய ட்ரோன் என்று கேள்விப்பட்டேன். வழியில் மரத்தில் சிக்கி அறுந்து போகாதா? நானும் கேபிள் வேலைதான் பார்க்கிறேன், அதனால் கேட்கிறேன். (விழுப்புரம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, தொழில் தெரிந்த ஆசாமியின் கேள்வி. சூட்சுமம் சுருள் எங்கே இருக்கிறது என்பதில். அது தரையில் இல்லை, ட்ரோனின் வயிற்றில் இருக்கிறது. ட்ரோன் இழையை இழுத்துக்கொண்டு போவதில்லை, விட்டுக்கொண்டே போகிறது. விழுந்த இழை விழுந்த இடத்தில் அசையாமல் கிடக்கும். மரத்தில் தொங்கினாலும் இழுவிசை இல்லாததால் பெரும்பாலும் அறுவதில்லை. கூர்மையாகத் திரும்பினாலோ, போன வழியே திரும்பி வந்து தன் இழையிலேயே காற்றாடி சிக்கினாலோதான் ஆபத்து.

நீங்கள் வீட்டுக்கு இழுக்கும் கேபிள் மாதிரி உறை எல்லாம் கிடையாது, வெறும் கண்ணாடி இழை, கால் மில்லிமீட்டர் தடிமன். 10 கி.மீ. சுருளே ஒரு கிலோவைத் தாண்டும், அந்த அளவுக்கு வெடிமருந்தைக் குறைக்க வேண்டும். பலன் என்ன? ரேடியோவே இல்லை, ஜாமருக்கு வேலை இல்லை. சாதாரண எஃப்பிவி கடைசி நொடிகளில் மரத்துக்குக் கீழே இறங்கும்போது படம் புள்ளி புள்ளியாகிப் போகும். இதில் மோதும் நொடிவரை படம் துல்லியம். ரஷ்யர்கள் 2024-ல் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். 2025 தொடக்கத்தில் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் உக்ரைன் பிடித்து வைத்திருந்த சுஜாவுக்குப் போகும் முக்கியச் சாலையில் உக்ரைனின் சப்ளை வண்டிகளை இவற்றாலேயே வேட்டையாடினார்கள். சாலையோரம் இறக்கி, இன்ஜினை அணைத்து, வண்டி வரும்வரை காத்திருந்து கிளப்புவதும் உண்டு. இப்போது கிலோமீட்டர் கணக்கில் சாலைக்கு மேல் வலைப் பந்தல் போடுகிறார்கள். வயல்களில் இழை சிலந்திவலை மாதிரி மின்னுகிறது.

கேள்வி: 40 லட்சம் டாலர் பேட்ரியாட் வான் பாதுகாப்பு ஏவுகணையை வைத்து ஷாஹெத் ட்ரோனைச் சுடுவது கொசுவை அடிக்க ரோடு ரோலர் கொண்டுவந்த கதை இல்லையா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: அதனால்தான் உக்ரைன் முடிந்தவரை அப்படிச் செய்வதில்லை. ஈரானில் பிறந்து இப்போது ரஷ்யாவின் யெலாபுகாவில் தயாராகும் இந்த ட்ரோன் 200 கிலோ எடை, மணிக்கு 180 கி.மீ. வேகம், மொபெட் சத்தம். அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டார்கள். கம்பங்களில் மைக்ரோபோனைக் கட்டி, நாடு முழுக்க சுமார் 10,000 இடத்தில் வைத்து, ஒலியைக் கேட்டே பாதையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றின் விலை 500 டாலருக்குள். தகவல் பிக்கப் வண்டியில் மெஷின் கன்னோடு நிற்பவர்களுக்கும், ஜெர்மனி கொடுத்த கெபார்ட் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் போகும். ரஷ்யர்கள் உயரத்தைக் கூட்டினார்கள். பதிலுக்குச் சில ஆயிரம் டாலரில் இடைமறிக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. பேட்ரியாட் பெரும்பாலும் பாலிஸ்டிக் ஏவுகணைக்குத்தான்.

கேள்வி: 4000 கி.மீ. தள்ளி சைபீரியாவில் ரஷ்ய விமானங்களை உக்ரைன்காரர்கள் எரித்தார்களே, அது என்ன ட்ரோன்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சின்ன ட்ரோன்தான், லாரிதான் தூரம் போனது. 2025 ஜூன் 1, 117 ட்ரோன்கள், மரவீடுகளின் கூரைக்குள் ஒளித்து விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கூரையைத் திறந்தார்கள். ஓட்டியது ரஷ்ய மொபைல் நெட்வொர்க்கிலேயே. தொழில்நுட்பத்தைவிட உளவு வேலைதான் அதில் பெரிது.

கேள்வி: நாம் எங்கே நிற்கிறோம்? (நிறைய பேர்)

பதில்: பீரங்கியில் பரவாயில்லை. 1999-ல் கார்கிலில் போபர்ஸ்தான் கை கொடுத்தது. மெல்லிய காற்றில் ஷெல் சமவெளியைவிடப் பல கிலோமீட்டர் கூடுதலாகப் போகும், பழைய சுடும் அட்டவணை அங்கே செல்லாது. தென்கொரிய வடிவமைப்பில் குஜராத்தின் ஹசிராவில் செய்த கே9 வஜ்ரா பீரங்கி 100 வந்துவிட்டது, இன்னும் 100-க்கு 2024 டிசம்பரில் ஒப்பந்தம். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் அட்டாக்ஸ் பீரங்கி 48 கி.மீ. எட்டும், 307-க்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம்.

ட்ரோனில் 2025 மே மாதம் பாடம் கிடைத்தது. ஒரே இரவில் 36 இடங்களில் 300 முதல் 400 பாகிஸ்தான் ட்ரோன்கள் வந்ததாக நம் ராணுவம் சொன்னது. அவற்றை வீழ்த்தியதில் பழைய எல்70 விமான எதிர்ப்புப் பீரங்கிக்கும் பங்கு உண்டு, ரேடார் வலையோடு இணைத்ததால். கர்னூலில் 30 கிலோவாட் லேசரைச் சோதித்தது நல்ல செய்தி. ஆனால் மேகமும் தூசியும் லேசருக்கு எதிரி, அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கேள்வி: ஷெல் தட்டுப்பாடு என்கிறார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைப்பது அவ்வளவு கஷ்டமா? (கோவை, லேத் பட்டறை)

பதில்: உங்கள் பட்டறைப் பக்கம் சிக்கல் குறைவு. முட்டுக்கட்டை மருந்தில்தான். ஷெல்லைத் தள்ளும் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அதன் மூலப்பொருள் பஞ்சு, அதுவும் ஜின்னிங்கில் பஞ்சைப் பிரித்த பிறகும் விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை. ஐரோப்பா அதில் பெரும்பகுதியைச் சீனாவிலிருந்து வாங்குகிறது. 2024 மார்ச்சுக்குள் 10 லட்சம் ஷெல் தருகிறோம் என்று உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்து, பாதியளவுதான் கொடுக்க முடிந்தது. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து, திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்தி எடுக்கும் ஆலையை அவசரத்துக்குக் கட்ட முடியாது. அமிலம் சரியாகப் போகாவிட்டால் கிடங்கிலேயே தானாகப் பற்றும். உங்களுக்குப் பக்கத்திலேயே குன்னூர் அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இந்த வேலை நடக்கிறது, கார்டைட் பேக்டரி. ஊட்டி ரயிலில் போகும்போது ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்.