முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் நாய்

கேள்வி: எங்கள் நாய்க்கு 3 வயது. நாட்டு நாய்க் கலப்பு, 10 கிலோ எடை, கருத்தடை செய்தாயிற்று. தள்ளுபடியில் 10 கிலோ டிரை ஃபுட் மூட்டை வாங்கினோம். முதல் இரண்டு வாரம் தட்டை நக்கித் தீர்த்தாள். இப்போது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு டம்ளர் பாலும் ஆறு மாரி பிஸ்கட்டும் கொடுத்தால்தான் சமாதானம். இது மூன்றாவது பிராண்ட். அடுத்து எதை வாங்கலாம்?
- வாசகி, லாசுப்பேட்டை

பதில்: முதல் இரண்டு வாரம் சாப்பிட்டிருக்கிறாள் என்றால் குறை பிராண்டில் இல்லை, மூட்டையின் அளவில் இருக்கிறது. மாவுக் கலவையை வேகவைத்து, அச்சில் பிழிந்து, காயவைத்த பிறகு கடைசியாகத்தான் கொழுப்பையும் இறைச்சிச் சாற்றையும் உருண்டைகள் மேல் தெளிக்கிறார்கள். நாய் தேடுவது அந்த மேல்பூச்சின் மணத்தை. பையைப் பிரித்த நாளிலிருந்து காற்றுப் பட்டு அந்தக் கொழுப்பு காற ஆரம்பிக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். நாலு உருண்டையை எடுத்து நசுக்கி மோந்து பாருங்கள். பழைய வடைச்சட்டி எண்ணெய் வாடை அடித்தால் உங்கள் நாய் சொல்வது சரி.

கணக்கும் அதையே சொல்கிறது. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கிலோ கலோரி போதும். 100 கிராமுக்கு 360 கிலோ கலோரி தரும் தீவனம் என்றால் 175 கிராம். 10 கிலோ மூட்டை தீர 57 நாள் ஆகும்! பிரித்த பையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்றது 3 கிலோ பை, 17 நாளில் தீர்ந்துவிடும். கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் பாதி மூட்டையைத் தெருநாய்க்குக் கொட்டுவதைவிட மலிவு.

பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். டப்பாச் சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பு புதுத் தீவனத்தையும் கெடுக்கும். காற்றை அழுத்தி வெளியேற்றி, பையின் வாயைச் சுருட்டி, கிளிப் போட்டு, பையோடு மூடியுள்ள அரிசி டிரம்முக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் பனி பூத்து, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இனி பிஸ்கட்டுக்கு வருவோம். ஒரு மாரி பிஸ்கட்டில் 20 முதல் 25 கிலோ கலோரி. ஆறு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் 250 தாண்டும். நாள் தேவையில் 40 சதவீதம் அங்கேயே போய்விட்டால் தட்டில் இருப்பது எப்படி இறங்கும்? நொறுக்குத் தீனி எல்லாம் சேர்த்து 10 சதவீதத்துக்குள், அதாவது 60 கிலோ கலோரிக்குள் நிற்கட்டும். காலை, மாலை இரு வேளையும் 85 கிராம் போல எடை போட்டு வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் மணம் எழும்பும். 20 நிமிடம் கழித்து, மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துவிட வேண்டும். பாவம் பார்த்து நடுவில் தயிர்சாதம் போட்டால் மறுநாளும் அதற்குத்தான் காத்திருக்கும். பிரியாணிக் குழம்பு ஊற்றுகிறவர்களும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

பிராண்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்று நாள் கால் பங்கு புதிது, மூன்று நாள் பாதி, மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுதும். திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும், பழி புதுப் பையின் மேல் விழும்.

இதெல்லாம் மற்றபடி துள்ளித் திரியும் நாய்க்கு. வேகவைத்த கோழியைக்கூடத் தொடாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, உடம்பில் உண்ணி இருந்து சோர்ந்து படுத்தாலோ அது பிகு அல்ல, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை.

கேள்வி: பையின் முன்னால் முழுக்கோழி படம். உள்ளே எவ்வளவு கோழி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பின்பக்கத்தைத் திருப்புங்கள். மூலப்பொருள்களை எடை வரிசையில் போடுவது வழக்கம். ஆனால் பச்சைக் கோழிக்கறியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். காய்ந்தபின் ஒரு கிலோ 300 கிராம்தான். எனவே "சிக்கன்" முதலில் இருப்பதைவிட, ஏற்கனவே காயவைத்த "சிக்கன் மீல்" முதலிரண்டு இடத்தில் இருப்பது நம்பத்தக்கது. மக்காச்சோளம், சோள குளூட்டன், அரிசி, அரிசித் தவிடு என்று தானியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் சேர்த்துப் பாருங்கள். கோழி பின்னால் போய்விடும். "சிக்கன் ஃப்ளேவர்" என்றால் ருசி மட்டும்தான்.

ஒரு பையில் புரதம் 20, கொழுப்பு 8, நார் 5, ஈரம் 10 சதவீதம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாம்பல் 8 என்று வைத்தால் கூட்டுத்தொகை 51. மீதி 49 மாவுச்சத்து. இது விஷமல்ல, வெந்த மாவு நாய்க்குச் செரிக்கும். பிகு பண்ணும் நாய்க்கு ருசிக்காது, அவ்வளவுதான். புரதம் 24 முதல் 28, கொழுப்பு 12 முதல் 16 உள்ளதைத் தேடுங்கள். குண்டு நாய்க்கும் கணைய அழற்சி வந்த நாய்க்கும் இந்தக் கொழுப்பு ஆகாது. தானியமே சேர்க்காத, விலை கூடிய "கிரெயின் ஃப்ரீ" பைக்கு ஓட வேண்டாம். பட்டாணி, பருப்பு மிகுந்த அத்தகைய தீவனத்துக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் விசாரணையே தொடங்கியது.

கேள்வி: மூட்டையைப் பிரித்து, வெறும் கவரில் கிலோ கணக்கில் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். மூட்டை என்றைக்குப் பிரிந்தது என்பது கடைக்காரருக்கே நினைவிருக்காது. பையில் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், ஆண்டு இருந்தாக வேண்டும். மூடிய பையிலேயே வண்டு இருந்தால் பேட்ச் எண் தெரியப் படம் எடுத்து, பில்லோடு கடையில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ருசிக்குக் கருவாடு சேர்க்கலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கருவாட்டில் உப்பு அதிகம், கூடாது. துறைமுகம் பக்கத்திலேயே இருக்க, மத்தி வாங்குங்கள். உப்பு, புளி, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, ஒரு மேசைக்கரண்டி. அந்த வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டியை உருண்டைகள் மேல் ஊற்றினாலே பெரும்பாலான நாய்கள் தட்டுக்கு வந்துவிடும். ஊறிய தீவனம் மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.