பாராமெடிக்கல் மாணவர் ஒருவர் அவசர மருத்துவத்தில் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை எவை?

படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருப்பதாகவும், விரைவில் உதகையில் ஆம்புலன்ஸ் பயிற்சிக்கு வரவிருப்பதாகவும், இவ்வளவு பெரிய பாடத்திட்டத்தில் எதை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீலகிரியில் இதே பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நாம் படிக்கும் நூல்களில் பெரும்பாலானவை, மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. உதகையிலிருந்து கோவைக்கு அனுப்பப்படும் நோயாளி, மூடுபனியோ மண்சரிவோ கோடைக்கால நெரிசலோ இருந்தால், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நம் கையில்தான் இருப்பார். ஆகவே நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதைவிட, அந்த நேரத்தில் நோயாளி எப்படி மாறிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுகொள்வதே இங்கே முதன்மையான அறிவு.

அதற்கான வரிசையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்: இடம் பாதுகாப்பானதா, பீறிடும் இரத்தப்போக்கு உண்டா, மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு போதுமானதா, இரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி. மனிதரைத் தாக்கிய காட்டெருமையோ யானையோ இன்னும் தேயிலைப் புதருக்குப் பின்னால் நிற்கலாம் என்பதால், வனத்துறையினர் சொல்லும்வரை இறங்காமல் இருப்பதும் இந்த வரிசையில் அடங்கும். வரிசையை ஒரு முறை செய்து முடித்துவிடக் கூடாது. நிலை சீராக இல்லாதவருக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறையும், சீராக இருப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் திரும்பச் செய்து, நேரத்தோடு எழுத வேண்டும். நாடித்துடிப்பு 96, பிறகு 112, பிறகு 128 என்று ஏறிக்கொண்டிருக்க, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு மட்டும் 110இல் அசையாமல் நின்றால், அவர் உள்ளுக்குள் இரத்தம் இழந்துகொண்டிருக்கிறார் என்றே கொள்ளுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞருக்கு மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு போகும்வரை அழுத்தம் குறையாமல் இருக்கலாம். ஒற்றை அளவீடு சொல்லாததை, மூன்று அளவீடுகளின் போக்கு சொல்லிவிடும்.

ஆக்சிஜனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சமவெளியில் பயின்று வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். சமவெளியில் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 காட்டும் நலமான மனிதருக்கு இங்கே 94 அல்லது 95 காட்டலாம். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சிறு குறைவே சுமையாகிவிடும். குளிரில் விறைத்த விரலில் கருவி தவறாகக் காட்டும் என்பதால், விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். இதைவிட ஆபத்தான ஏமாற்று ஒன்று உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிவிட்டு உறங்கியவர்கள் தலைவலி, வாந்தி, மயக்கத்தோடு கிடப்பார்கள். கருவியோ 98 காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே படிக்கிறது. முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து அவர்களை வெளியே கொண்டுவாருங்கள். எண் என்ன சொன்னாலும், பை பொருத்திய முகமூடி வழியாக முழு வேகத்தில் ஆக்சிஜன் கொடுங்கள். வெறும் காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும்; முழு ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.

உருளையில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கையும் மனத்திலேயே போடப் பழகுங்கள். 10 லிட்டர் நீர்க் கொள்ளளவு உள்ள உருளையில் அழுத்தமானி 100 பார் காட்டினால் உள்ளே சுமார் 1,000 லிட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 100 நிமிடம் வரும். மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையிலுள்ள பர்லியாறு அருகே ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டால் அது போதாது. எனவே கிளம்பும் முன்பே மாற்று உருளை வண்டியில் இருக்க வேண்டும். மூச்சுக்குழாயில் டியூப் செருகிய நோயாளியைக் கீழே இறக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கூடிவிடுவதால், டியூபைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் காற்றுப்பையான கஃபுக்குள் உதகையில் அடைத்த காற்றின் கன அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, கஃப் தளர்ந்துவிடும். காற்று கசியும், வாயிலுள்ள எச்சில் உள்ளே இறங்கும். இறங்குகிற வழியிலும் இறங்கிய பிறகும் கஃப் அழுத்தத்தைச் சரிபாருங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் இருக்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் நினைவற்றவர் வாந்தி எடுப்பார் என்பதை உறுதியாக எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ காயம் இருக்கும் என்ற ஐயம் இல்லையென்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயிலுள்ளதை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவி வேலை செய்கிறதா என்று புறப்படும் முன்பே இயக்கிப் பாருங்கள். கரடி தாக்கி முகம் சிதைந்தவரை வலுக்கட்டாயமாக மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். நினைவோடு இருந்து, தானாக முன்சாய்ந்து உட்கார விரும்பினால், இரத்தம் வெளியே வடியும்படி அப்படியே விடுவதே அவருடைய மூச்சுவழியைக் காக்கும். ஓடும் வண்டியில் இதயம் நின்றுவிட்டால் பைலட்டிடம் (நம் வண்டி ஓட்டுநர்) சொல்லிப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தச் செய்யுங்கள். வளைவில் ஆடிக்கொண்டே தரும் மார்பு அழுத்தம் 5 சென்டிமீட்டர் ஆழத்தை எட்டாது, உங்களுக்கும் அடிபடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம், 10 வினாடிக்கு மேல் இடைவெளி கூடாது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டரைத் தாமதிக்காமல் பொருத்த வேண்டும்: இவை யோசிக்காமல் வர வேண்டியவை.

இரத்தம் இழந்தவருக்குக் குளிர் இரண்டாவது காயம். உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் இரத்தம் உறையும் திறன் குன்றுகிறது; உறையாததால் மேலும் இரத்தம் போகிறது; மேலும் உடல் குளிர்கிறது. ஈரத் துணியை வெட்டி எடுத்துவிட்டு, அடியிலும் மேலுமாகக் கம்பளி போர்த்துங்கள். பிறந்த குழந்தைக்கு இது இன்னும் அவசரம்: துடைத்து, தாயின் மார்போடு தோல் படும்படி வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள்.

இந்த மலைக்கே உரியவை சில உண்டு. கொழுந்து பறிக்கும்போது மலைத்தேனீயோ கதண்டோ கொட்டி, மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், தாமதிக்காமல் தர வேண்டிய மருந்து அட்ரினலின் மட்டுமே. பெரியவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லிலிட்டர், தொடையின் வெளிப்புறத் தசையில். அவரைத் திடீரென எழுந்து நிற்கவிடாதீர்கள். கூடலூர், மசினகுடி போன்ற தாழ்வான பகுதிகளில், தரையில் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் சொருகிய இமைகளோடும் வந்தால், கடித்த அடையாளமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். கை காலை அசையாமல் வைத்து, வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் நேரத்தோடு குறியுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது. இம்மலைத்தொடரிலுள்ள குழிவிரியன்களுக்குப் பயன்படாது என்பதால், உங்கள் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும். பூச்சிமருந்து குடித்தவரின் உடையைக் கையுறையோடு அகற்றுங்கள். அதற்கு முறிமருந்தாகத் தரும் அட்ரோபின் போதுமா என்பதைக் கண்மணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடி 80ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பாடத்தில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும், பரம்பரை இரத்த நோயான அரிவாள் உயிரணுச் சோகைக்கு இங்கே தனி இடம் தாருங்கள். லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதைக் கண்டறிந்து எழுதியது, இந்தியாவில் இந்நோய் பற்றிய மிகத் தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று. பணியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞர் கை கால் வலியில் துடித்தால், அதை மதுவின் விளைவு என்றோ மிகைப்படுத்தல் என்றோ யாரும் ஒதுக்க இடம் கொடுக்காதீர்கள். குளிரும் நீரிழப்புமே அந்த வலியைத் தூண்டியிருக்கலாம். போர்த்துங்கள், நீர் கொடுங்கள், வலிநிவாரணி கேளுங்கள். மார்புவலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது உயிராபத்து. உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் அவர்.

மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் நூலில் உள்ளதே போதும்; பக்கவாதத்தில் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதை உறவினரிடம் கேட்டு எழுதுங்கள், நினைவு தடுமாறும் எவருக்கும் சர்க்கரை அளவைப் பாருங்கள். மருந்துகளைக் கட்டுப்பாட்டு அறை மருத்துவரின் அறிவுரைப்படியே தர வேண்டியிருக்கும். கைப்பேசிச் சிக்னல் கிடைக்காத வளைவுகள் இங்கே நிறைய உள்ளன என்பதால், அவற்றுக்குள் நுழையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வருவதற்குள் பயிற்சி செய்ய நேரம் இருந்தால், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை இருவராகச் சேர்ந்து பிடிக்கும் முறையைப் பழகுங்கள்: ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பொருத்திப் பிடிக்க, மற்றவர் மார்பு இலேசாக உயரும் அளவுக்கு மட்டும் 6 வினாடிக்கு ஒரு முறை அழுத்த வேண்டும்.