சத்திரசிகிச்சைக்காக வயலை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். கல்முனையில் உள்ள தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் 16 வருடங்களாக வேலை செய்கிறேன்; சம்பளம் 72,000 ரூபா. மார்பகப் புற்றுநோய் என்று பயொப்சி என்ற திசுப் பரிசோதனையில் உறுதியாகி, இடது மார்பகத்தை அகற்றுவதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். கொழும்பில் தனியாரிடம் செய்வதே நல்லது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அதற்காக மண்டூர்ப் பக்கம் இருக்கும் கணவரின் மூன்று ஏக்கர் வயலை விற்பதா, அல்லது 6 இலட்சம் ரூபா நிலையான வைப்பை உடைத்து 8 பவுண் நகையையும் அடகு வைப்பதா? வைப்பு முதிர இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. ஆயுள் காப்புறுதி ஒன்றும் உண்டு; இந்த மாதத் தவணை கட்டவில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள்.

பதில்: வயலை விற்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கோ விடுதியில் தங்குவதற்கோ உங்களிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. உங்கள் குடும்பத்தின் பணம் கரையப்போவது சத்திரசிகிச்சை நாளில் அல்ல, அதற்குப் பின் வரும் ஏறத்தாழ ஒரு வருட காலத்தில்தான். கொழும்புக்குப் போவதற்கு மருத்துவ ரீதியான காரணம் ஏதும் உண்டா என்பதை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், உறவினர்களின் அக்கறைக்கு நன்றி சொல்லி அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். மேலும், வைத்தியச் செலவுக்காக அவசரத்தில் விற்கப்படும் வயல் என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு யாரும் நியாயமான விலை பேசமாட்டார்கள்; கணவருக்குப் பெரும்போக வருமானமும் அதோடு போய்விடும்.

இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டென்றால், அது அந்தக் காப்புறுதித் தவணையைக் கட்டுவதுதான். தவணைத் திகதி தவறினாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு சலுகைக் காலம் இருக்கும். அதற்குள் கட்டினால் காப்புறுதி முறியாது. முறிந்த பின் புதுப்பிக்கப் போனால் உடல்நிலை பற்றிய பிரகடனம் கேட்பார்கள், பயொப்சி முடிவு வந்துவிட்ட நிலையில் அது உங்களுக்குச் சாதகமாக அமையாது. தவணையைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிய பிறகு, ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, பாரதூரமான நோய்களுக்கான மேலதிகக் காப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சத்திரசிகிச்சைச் செலவு எவ்வளவு என்பதைப் பாராமல், நோய் உறுதிப்படுத்தப்பட்டதற்காகவே ஒரு தொகையை மொத்தமாகத் தரும் காப்பாக அது பெரும்பாலும் இருக்கும். முகவர் வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடாமல், கோரிக்கைப் படிவத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பயொப்சி அறிக்கை, கிளினிக் புத்தகம், வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது கிடைக்கும் டயக்னோசிஸ் காட் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை எவரிடமும் கொடுத்துவிடாமல் பிரதிகளை மட்டும் கொடுங்கள். நிறுவனம் ஊழியர்களுக்கென்று குழுக் காப்புறுதி வைத்திருக்கிறதா என்பதையும் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள்.

இனி, அந்த ஒரு வருடத்தைக் கணக்கிடுவோம். மார்பகம் அகற்றப்பட்ட பின் வடிகுழாயும் போத்தலும் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை உடலோடு இருக்கும். வழமையான வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கலாம். இடது கையால் கிணற்றில் வாளி இழுப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும், தேங்காய் துருவுவதும் அந்தக் காலத்தில் ஆகாத காரியங்கள். ஆகவே வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தும் கூலியைத் தயங்காமல் செலவுப் பட்டியலில் எழுதுங்கள். உயர்தரம் படிக்கும் மகளின் தலையில் அதைச் சுமத்துவது மலிவான வழியும் அல்ல. அகற்றிய பகுதியின் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே அடுத்த சிகிச்சை என்னவென்று புற்றுநோய் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். கீமோ என்றால் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை போக வேண்டிவரும். கதிர்ச் சிகிச்சை என்றால் வார நாட்களில் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து வாரங்கள் போக வேண்டிவரும். ஹோர்மோன் மாத்திரை தேவைப்பட்டால் அது ஐந்து வருடங்களுக்கும் மேல் நீளலாம். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகலாம் என்று இப்போது தோன்றும். கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தியோடு திரும்பும் நாளில் ஆட்டோதான் பிடிப்பீர்கள். மகரகமையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் துணைக்கு வருபவரின் தங்குமிடம், சாப்பாடு, கணவர் இழக்கும் நாட்கூலி ஆகியவையும் சேரும். வைத்தியசாலையில் அந்த நேரத்தில் இல்லாத மருந்தையோ பரிசோதனையையோ வெளியே பெற வேண்டிவரலாம். கையிருப்புப் பணம் இவற்றுக்காகத்தான் தேவை.

வேலையை இராஜினாமா செய்துவிட எண்ணியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். கடைகள் மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி உங்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. அவை முடிந்ததும் சம்பளமற்ற லீவை, வைத்தியச் சான்றிதழுடன், எழுத்து மூலம் கேளுங்கள். வேலையில் நீடித்தால், சம்பளம் பெறும் மாதங்களில் முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி (EPF) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதமும், அதாவது 10,800 ரூபா, உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும். இது ஒருபுறமிருக்க, சேமலாப நிதியில் பத்து வருடங்களுக்கு மேல் பங்களித்து, மீதி 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருப்பவர்கள், வைத்தியத் தேவைக்காக அதில் 30 வீதத்தை, உச்சம் 20 இலட்சம் ரூபா வரை, ஓய்வுக்கு முன்பே பெற இடமிருக்கிறது. மீதி 15 இலட்சம் என்றால் கைக்கு வரக்கூடியது 450,000 ரூபா. வட்டியில்லாத பணம் என்பதால் கடனுக்கு முன் இதையே முயற்சிக்க வேண்டும். படிவங்கள் நகர நாளெடுக்கும் என்பதால், தொழில் திணைக்கள அலுவலகத்துக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே போய்வாருங்கள். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கும், சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாகக் கிடைக்கும் நோயாளர் கொடுப்பனவுக்கும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வருமான எல்லை உண்டு, ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை.

அதற்கிடையில் பணம் தேவைப்பட்டால், நிலையான வைப்பை உடைத்து வட்டியை இழப்பதைவிட, அதே வங்கியில் அந்த வைப்பின் மேல் கடன் எடுப்பது பெரும்பாலும் இலாபகரமானது. இரண்டு தொகையையும் எழுதித் தரச் சொல்லி ஒப்பிடுங்கள். நகையை அடுத்த படியாக வையுங்கள். 8 பவுணையும் ஒரே சீட்டில் வைக்காமல் இரண்டு, மூன்று சீட்டுகளாகப் பிரித்து வைத்தால், அறுவடைப் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நின்று அறவிடும் நுண்கடன் மட்டும் வேண்டவே வேண்டாம். கீமோ வாரமும் தவணை வாரமும் ஒன்றாக வரும் வீடுகளின் கதையை எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

சிறு செலவுகளில் ஒன்றை முன்கூட்டியே செய்யுங்கள்: கையை உயர்த்தாமல் அணியக்கூடிய, முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டைகள் மூன்று, நான்கு தைத்து வையுங்கள். சிலிக்கன் செயற்கை மார்பகத்தை இப்போது வாங்க வேண்டாம். காயம் ஆறும் வரை பஞ்சுத் துணியாலான மென்மையான ஒன்றே போதும், கதிர்ச் சிகிச்சை உண்டென்றால் அது முடிந்து தோல் தேறிய பின்னரே அளவெடுப்பது நல்லது.

வங்கிக்குப் போகும் அதே நாளில், உங்கள் சம்பளக் கணக்கில் கணவருக்கும் கையொப்ப அதிகாரம் கொடுங்கள். நிலையான வைப்பு நான்கு மாதங்களில் முதிரும்போது தானாகவே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படாதபடி, மூன்று மாத வைப்பாக மாற்றும்படி அறிவுறுத்தலையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.