ஈஸ்டருக்கு மகன் வருகிறான்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. கணவர் சேகரக் கமிட்டியில் இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் 28 வயது மகன், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு இல்லை, ஆண்கள்மேல்தான் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை. ஜெப வீட்டில் நாற்பது நாள் தங்கவைத்தால் விடுதலை கிடைக்கும் என்கிறார் என் அண்ணன். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நாத்தனார். இது பாவம்தானே? என் வளர்ப்பில் பிழையா? ஈஸ்டருக்கு வருகிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் கல்யாணப் பேச்சை நிறுத்துங்கள், சகோதரி. மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று சபைப் போதகரான ஐயர் சொல்வார். அந்தத் தடையைத் தெரிந்த அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருக்க முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பெண் வந்தார். திருமணமாகி ஏழு ஆண்டுகள். கையில் தடித்த பைல், முழுக்கக் குழந்தையின்மைச் சிகிச்சைக்கான ரசீதுகள். கணவர் தன்னைத் தொடாததற்குத் தன் நிறம்தான் காரணம் என்றே அவர் ஏழு ஆண்டுகளும் நம்பியிருந்தார். கணவருக்கும் அவர் வீட்டாருக்கும் உண்மை தெரியும். உங்கள் நாத்தனார் சொல்லும் கல்யாணத்தில் இப்படியொரு பெண் இருப்பாள். பிறகு பிரிய நினைத்தாலும், கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குத்தான் அலைய வேண்டும்.

அடுத்து, ஜெப வீடு. தன்பாலீர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வளர்ப்பினால் வருவதுமல்ல, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டோமே, அதிகம் செல்லம் கொடுத்தோமே என்று தேடித் தேடி உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதுமுன், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் அமர்ந்தார். மறு ஆண்டு, அப்படி மாற்ற முயலும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

‘அது டாக்டர்களுக்கு, ஜெபத்துக்கு இல்லையே’ என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். அவருக்கு எக்ஸோடஸ் இன்டர்நேஷனலின் கதையைச் சொல்லுங்கள். 1976 முதல் அமெரிக்காவில் இதையே ஊழியமாகச் செய்துவந்த கிறிஸ்தவ அமைப்பு அது. தான் சந்தித்தவர்களில் ஏறக்குறைய எவருக்கும் ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012-இல் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார்கள். இப்படிப்பட்ட இடங்களிலிருந்து திரும்பிய பிள்ளைகளில் பலர் வீட்டை மட்டுமல்ல, விசுவாசத்தையும் விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எந்தக் குரலில் ஜெபித்தீர்களோ, மாலை ஜெபத்தில் அதே குரலில் இப்போதும் அவன் பெயரைச் சொல்லுங்கள்.

பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் குடும்ப ஆலோசகன், வேத பண்டிதன் அல்ல. உங்கள் சபை அங்கம் வகிக்கும், இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த உலகச் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்க ஐக்கியத்திலேயே இதில் பெரும் பிளவு. 2023 டிசம்பரில் இங்கிலாந்துத் திருச்சபை, ஒரே பாலினத் தம்பதியருக்காக வழக்கமான ஆராதனைகளில் ஆசி ஜெபம் செய்ய அனுமதித்தது. திருமணம் மட்டும் கிடையாது. ஆப்பிரிக்கப் பேராயர்கள் பலர் அதையும் ஏற்கவில்லை. பேராயர்கள் தீர்க்காத வழக்கு ஈஸ்டருக்குள் உங்கள் அடுக்களையில் தீராது. தீர்ந்தால்தான் மகனோடு பேசுவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

வேதம் வாசிக்கிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘மந்திரி’ என்கிறது. மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், என்பதே நேர்ப்பொருள். ஓய்வுநாள் பள்ளியில் இது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணகரும் தன்பாலீர்ப்பாளரும் ஒன்றல்லதான். ஆனால் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், தமக்கு ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். பிலிப்பு மறுப்புச் சொல்லாமல் தண்ணீருக்குள் இறங்குகிறார். உங்கள் கணவரோடு அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள்.

மகனைக் கேட்காமல் ஐயரிடம் சொல்லாதீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வேண்டாம். ஜெபக் குறிப்பாகப் போன செய்தி ஆராதனை முடிவதற்குள் ஊர்ச் செய்தியாகிவிடும். எவரிடம், எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. உங்களுக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது அப்பாவின் மௌனம். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தின் கடும் புறக்கணிப்புக்கு ஆளான தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள், புறக்கணிப்புக்கு ஆளாகாத அல்லது சிறிதளவே ஆளானவர்களைவிட எட்டு மடங்குக்கும் மேலாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அந்த ஆய்வுக் குழு பக்தியுள்ள குடும்பங்களோடும் வேலை செய்தது. கொள்கையை மாற்றிக்கொள்ளாத பெற்றோரும் நடத்தையை மாற்றிக்கொள்ள முடியும் என்பது அவர்கள் அனுபவம். என் அனுபவமும் அதுவே.

ஆகவே ஈஸ்டருக்கு அவன் வந்து இறங்கியதும் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். குளிக்கட்டும், சாப்பிடட்டும். விடியற்கால ஆராதனைக்கு வருகிறாயா என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அவனாகப் பேச வந்தால், ‘எனக்கு இன்னும் புரியவில்லை, நீ சொல், கேட்கிறேன்’ என்ற அளவில் போதும். உங்கள் கணவரிடம் நீங்கள் இப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் அவனைக் கூட்டிவர வேண்டும். வழியில் பேசாவிட்டாலும் பரவாயில்லை.