முதல் ஆட்டத்துக்கு எதை எடுப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் நண்பர்கள் நாலு பேர் ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், ஒருவருக்கும் முன் அனுபவம் கிடையாது. இந்த வகையில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தில் தொடங்கினால்தான் சரி என்கிறான் ஒருவன். அது பெரிய தலைவலி, சின்னதாக ஏதாவது எடுப்போம் என்கிறான் இன்னொருவன். எதை வைத்து முடிவு செய்வது? கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டராக யார் இருப்பது? நாலு முகம், எட்டு முகம் என்று வரும் அந்த விநோதமான பகடைகளை வாங்கத்தான் வேண்டுமா? அப்புறம், எனக்கு நடிப்பு சுத்தமாக வராது. குரல் மாற்றிப் பேசச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவேன்.

க.

அன்புள்ள க.,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். குரல் மாற்ற வேண்டியதில்லை. “என் ஆள் காவலாளியிடம் நைசாகப் பேசி சாவியை வாங்கப் பார்க்கிறான்” என்று சொன்னால் போதும், அதுவும் ஆட்டம்தான், அரைகுறை ஆட்டம் அல்ல. இணையத்தில் பிரபலமாக இருக்கும் சில ஆட்ட வீடியோக்களில் வருகிறவர்கள் குரல் நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். அதைப் பார்த்து மிரள்வது, கச்சேரி கேட்டுவிட்டு வந்து குளியலறையில் பாடப் பயப்படுவது மாதிரி.

சரி, எதை எடுப்பது. நான் முதல்முறை கேம் மாஸ்டர் ஆனபோது உங்கள் முதல் நண்பர் சொன்னதைத்தான் செய்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் 300 பக்கத்துக்கு மேல், எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். கேம் மாஸ்டர் என்றால் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பு. என் நண்பர் ஒருவர் பாணர் ஒருவரை உருவாக்கினார். வாளையே தொடாத ஆள், எல்லாவற்றையும் பேசியே சாதிப்பவர், ஊர் ஊராக எத்தனை பேரிடம் கடன் வைத்திருக்கிறார் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். அந்த ஆட்களை உருவாக்கி முடிக்கவே இரண்டு மணி நேரம் போய்விட்டது. அப்புறம் ஒரு குகை, கோப்ளின்கள் எனும் குட்டிப் பூதங்கள் நாலு, ஒரு சண்டை. யார் முறை, எத்தனை அடி நகரலாம், கவசத்தைத் தாண்டி அடி பட்டதா என்று நான் பக்கம் புரட்டிப் புரட்டியே முக்கால் மணி நேரம் ஓடியது. கிளம்பும்போது அந்த நண்பர், “என் ஆள் கடைசிவரை வாயே திறக்கலையே” என்றார்.

தப்பு ஆட்டத்தின் மேல் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அதை வெளியிட்டபோது, இருவரும் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வந்தவர்கள். அந்த ரத்தம் இன்னும் அதில் ஓடுகிறது. அதன் கேரக்டர் ஷீட்டை, அதாவது நம் ஆளின் விவரங்களை எழுதி வைக்கும் தாளை, எடுத்துப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும்: உயிர்ப்புள்ளி, கவச எண், தாக்குதல், மந்திரங்கள் என்று பாதிக்கு மேல் சண்டைக்கான கட்டங்கள்தான். பாணரின் கடன்களுக்கு அதில் ஒரு மூலைதான் உண்டு.

அன்றிலிருந்து எந்தப் புது ஆட்டத்தை எடுத்தாலும் முதலில் கேரக்டர் ஷீட்டைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அதில் எதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார்களோ அதைத்தான் நீங்கள் மூன்று மணி நேரம் செய்துகொண்டிருக்கப் போகிறீர்கள். அட்டைப்படமும் பின்னட்டை வாசகமும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

உதாரணத்துக்கு கால் ஆஃப் கதுல்ஹு. 1981இல் வந்த திகில் ஆட்டம். அதன் ஷீட்டில் நூலகத்தில் தேடுவது, ஒட்டுக்கேட்பது, ஆளை அளப்பது என்று திறமைகளின் நீண்ட பட்டியல் இருக்கும், கூடவே மனநிலைக்கு ஒரு எண். துப்பறியப் போகிறோம், போகப் போகப் புத்தி பேதலிக்கப் போகிறது என்று சொல்லாமலே புரிகிறது இல்லையா? விதியும் லேசு: திறமை 60 என்றால், நூறுக்குள் ஒரு எண் வரும்படி பகடை உருட்டி 60 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் காரியம் பலிக்கும். சதவீதம் தெரிந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. தொடக்க விதிகளைப் பதிப்பகமே ஒரு கதையோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கிறது. பயந்து பயந்து சிரிக்கும் கூட்டம் என்றால் இதை எடுக்கலாம்.

ஆனால் நாலு பேருமே புதுசு என்கிறீர்கள். அதனால் நான் சொல்வது இன்னும் சின்னது: லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். ஜான் ஹார்ப்பர் எழுதியது, இலவசம், மொத்த விதிகளும் ஒரே பக்கம். நீங்கள் ஒரு விண்கலத்தின் பணியாளர்கள், கேப்டன் செயலிழந்து கிடக்கிறார். உங்கள் ஆளுக்கு ஒரே ஒரு எண்தான், 2 முதல் 5 வரை. இயந்திரம், அறிவியல், நிதானம் சம்பந்தப்பட்ட காரியம் என்றால் பகடை உங்கள் எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். பேச்சு, உணர்ச்சி, ஆவேசம் என்றால் மேலே. ஆக, ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றில் தானாகவே தத்தியாகிவிடுவார். சரியாக அந்த எண்ணே விழுந்தால் கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆட்களை உருவாக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பாணர் நண்பரை இதில் உட்கார வைத்தபோது எண் 2 எடுத்துக்கொண்டார். எதிரிக் கப்பலின் தளபதியிடம் இருபது நிமிடம் விடாமல் பேசி அவளை அழவைத்துவிட்டார். அப்புறம் கதவைத் திறக்கும் பொத்தானை அமுக்கத் தெரியாமல் எங்கள் எல்லோரையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

இதை வைத்து மாதக்கணக்கில் நீளும் கதையை ஓட்டுவது கஷ்டம். பரவாயில்லை. உங்களுக்கு எது பிடிக்கிறது என்று முதலில் தெரியட்டும். அந்த ஒரு மாலையில் எல்லோரும் சண்டை வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் நண்பர் சொன்ன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே தாராளமாகப் போங்கள். அதற்கும் அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, என்னைப்போல் மூன்று புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொன்று, பக்கத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு ஆட்டத்தை நன்றாக நடத்தத் தெரிந்த ஆள் இருந்து, வாருங்கள் என்று கூப்பிட்டால், நான் சொன்ன ஷீட்டு ஆராய்ச்சியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.

கேம் மாஸ்டராக, விதிகளை அதிகம் படித்தவரைப் போடாதீர்கள், அடுத்தவர் பேசும்போது குறுக்கே பாயாமல் கேட்கிறவரைப் போடுங்கள். மற்றவர்கள் சொல்வதிலிருந்து அடுத்த காட்சியை எடுப்பதுதான் அவருடைய பாதி வேலை. ஆடுவதற்கு முன்னால், கதையில் யாருக்கு எது வேண்டாம் என்று ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். சிலருக்குச் சிலந்தி ஆகாது, சிலருக்குக் குழந்தைகளுக்கு ஆபத்து வருவது ஆகாது. நடுவில் தெரியவந்தால் சங்கடம்.

பகடை இப்போதைக்கு வாங்க வேண்டாம். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸுக்குச் சாதாரண ஆறு முகப் பகடை மூன்று இருந்தால் போதும். பிற்பாடு எப்படியும் அந்த ஏழு பகடைத் தொகுப்பை வாங்கத்தான் போகிறீர்கள், யாரும் தப்பித்ததில்லை. வாங்கினால் அந்த நாலு முகப் பகடையை மட்டும் தரையில் விட்டுவிடாதீர்கள். பிரமிடு வடிவம், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கித்தான் நிற்கும். இருட்டில் வெறுங்காலோடு நடந்து நானே கண்டுபிடித்தது.