கக்கன் – எளிமை மட்டுமா?

அன்புள்ள ஐயா,

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘எளிமையின் சிகரம் கக்கன்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்ததையும், எம்.ஜி.ஆர். பார்த்துப் பதறியதையும் படித்து அழுதுவிட்டேன். அப்படி ஒருவர் இன்று தேர்தலில் நின்றால் டெபாசிட்டாவது வாங்குவாரா?

ச., மதுரை

அன்புள்ள தம்பி,

அழுதது தப்பில்லை. அந்த வார்டை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வார்டு இருக்கிறது, எம்.ஜி.ஆர். இருக்கிறார். கக்கன் எந்தத் துறைக்கு அமைச்சர் என்று ஒரு வார்த்தை இல்லை. கோபம் வந்தது. பாதி உன்மேல், மீதி அந்தத் தலைப்பைக் கொடுத்தவர்கள்மேல்.

கொஞ்ச நாளாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. காமராஜர் என்றால் பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைகள் என்று அடுக்குகிறோம். கக்கன் என்றதும் ‘ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை’ என்பதோடு முடித்துக்கொள்கிறோம். தும்பைப்பட்டியில் ஒரு தலித் பூசாரியின் மகனாகப் பிறந்தவரைப் புகழ, அவர் கடைசிவரை ஏழையாக இருந்ததே போதும் என்று நமக்கு எப்படித் தோன்றியது? அவர் ஆட்சி செய்தவர் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? தலித்துகளை உள்ளே விடாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். அது எளிமையா? அடி விழும் என்று தெரிந்தே எடுத்துவைத்த கால் அது.

1957இல் காமராஜர் அவருக்குப் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது துறை அவர் கையில்தான் இருந்தது.

மேலூர்ப் பக்கம் அந்த அணைத் தண்ணீரில் ஒருபோகப் பாசனம். எங்கள் பெரியப்பாவின் வயல் கடைமடை. முறைத்தண்ணீருக்கு ராத்திரி அவரோடு நானும் போவேன். மண்வெட்டியைத் தலைக்கு வைத்து வரப்பில் படுத்திருப்பார். வாய்க்காலில் முதலில் தண்ணீர் வராது. காய்ந்த சருகும் ஆட்டுப் புழுக்கையும் அழுக்கு நுரையோடு உருண்டு வரும். டார்ச் வெளிச்சத்தில் அந்த நுரையைக் கண்டதும் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, “அணைத் தண்ணி வந்துருச்சுடா” என்பார். அந்த ‘அணை’யில் கக்கன் இருக்கிறார், தம்பி. வார்டில் மட்டும் தேடாதே.

இன்னொன்றையும் விட்டுவிடாதே. 1963இலிருந்து அவர் உள்துறை அமைச்சர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. முதல்வர் பக்தவத்சலம்தான், ஆனால் காவல்துறை கக்கனிடம் இருந்தது. நான் மதிக்கிற மனிதர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். நீயும் மறைக்காதே. ‘நல்லவரையும் மக்கள் தோற்கடித்தார்களே’ என்று புலம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 1967இல் மேலூர் தெற்கில் அவர் தோற்றார். ஓட்டுப் போட்டவர்கள் அவருடைய கதர்ச் சட்டையைப் பார்த்துப் போடவில்லை. மொழியையும் அரிசித் தட்டுப்பாட்டையும் பார்த்துப் போட்டார்கள். அவரை அதிகாரம் உள்ள மனிதராக நினைத்துக் கணக்குக் கேட்டார்கள். நாம் இன்று காட்டும் இரக்கத்தைவிட அதில் மரியாதை அதிகம்.

டெபாசிட் விஷயம் இருக்கட்டும். போட்டிக்கு முன்னால் ஒருநாள் ஆண்டிபட்டிப் பக்கம் பஸ் ஏறி, வைகை அணைமேல் நின்று பார்த்துவிட்டு வா. பேச்சை அங்கிருந்து தொடங்கு. மருத்துவமனை வந்தே ஆகவேண்டுமென்றால் கடைசி நிமிடத்தில் வரட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.