டெல்லி மியூசியமும் கால் வலியும்

வணக்கம் சார்,

ஈரோட்டில் இருந்து எழுதுகிறேன். மகளைக் கல்லூரியில் சேர்க்க டெல்லி வந்தோம். கையில் ஒரு நாள் மிச்சமிருந்தது, தேசிய அருங்காட்சியகம், நவீன ஓவியக் கூடம், பிரதமர்கள் அருங்காட்சியகம் மூன்றையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம். ராத்திரி ரூமுக்குத் திரும்பியபோது கால் வலிதான் மிச்சம். என்ன பார்த்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. ஓவியக் கூடத்தில் எதுவும் புரியவில்லை. ஒரு பையன் ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதற்கெல்லாம் படித்திருக்க வேண்டுமா? இன்னொன்று, நம்ம ஊர் நடராஜரை அங்கே பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலர் சிரித்தார். அவள் செய்தது சரிதானே?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சரிதான். அந்தக் காவலர் தினமும் பத்துப் பேரையாவது அப்படிப் பார்ப்பார், சிரித்தது கேலியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

டெல்லித் தமிழர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை உண்டு, ஊரிலிருந்து வருபவர்களைச் சுற்றிக்காட்டுவது. குதுப் மினார், இந்தியா கேட், மறுநாள் ஆக்ரா, நடுவில் கரோல் பாகில் ஸ்வெட்டர். முப்பது வருஷமாக மயூர் விஹாரில் இருந்துகொண்டு நானும் இதைச் செய்கிறேன். ஒருமுறை புதுக்கோட்டையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் திருவரங்குளத்து நடராஜர் நிற்கிறார், 10-ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். நாம் காலண்டரில் பார்க்கிற மாதிரி இடது காலைக் குறுக்கே தூக்கியிருக்க மாட்டார். இரண்டு முழங்காலையும் மடித்து ஆடும் சதுர தாண்டவம், அரிதான வடிவம். பெரியப்பா பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "இவரு நம்ம பக்கத்து ஊர்க்காரருடா" என்றார். என்னமோ ரயில்வே ஸ்டேஷனில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது மாதிரி. இருபது நிமிஷம் நின்றார். அப்புறம் "சரி, போலாம்" என்றார். மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலையைப் பார்க்கவேண்டாமா என்று கேட்டேன், போதும் என்றுவிட்டார். அரை நாள் லீவு போட்டு வந்த எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான். ஆனால் ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் அந்தச் சிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா சொன்னார். நீங்கள் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்ததில் என்ன மிஞ்சியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த உற்சவ மூர்த்திகள் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். இவை தோளில் தூக்கிக்கொண்டு வீதியுலா போகச் செய்தவை, அதற்காகக் கழி செருகப் பீடத்திலேயே துளையோ வளையமோ இருக்கும், அடுத்த முறை குனிந்து பாருங்கள். கோவிலில் பட்டும் பூவும் நகையும் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது முகமும் கொஞ்சம் கையும்தான், ஸ்தபதி முதுகில், இடுப்பு வளைவில், விரல் மடிப்பில் என்ன செய்திருக்கிறார் என்பது அபிஷேகம் செய்கிற குருக்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. மியூசியத்தில் சாமிக்கு விளக்கில்லை, நைவேத்யமில்லை. எனக்கும் அது உறுத்தும். ஆனால் குருக்கள் மட்டும் பார்த்ததை அங்கே நாமும் பார்க்கிறோம். எல்லாமே கோவிலிலிருந்து பிடுங்கி வந்தவை என்றும் நினைக்க வேண்டாம், எப்போதோ பயந்து மண்ணில் புதைத்து வைத்துப் பிற்பாடு கடப்பாரையில் தட்டுப்பட்டவை நிறைய, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அவை அரசாங்கத்துக்கு வந்தன. திருட்டுக் கதை தனி. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜரைத் திருடிக் கடத்தி, 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள், 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் இதே டெல்லிக்குக் கொண்டுவந்து அவரைத் திருப்பிக் கொடுத்தார்.

கால் வலிக்கு வருகிறேன். 1916-இல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர், ஒரு ஆளைப் பெட்டி பெட்டியாகக் குனிந்தும் எக்கியும் பார்க்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்து, 'மியூசியக் களைப்பு' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். பொருளை வைத்திருக்கிற விதம்தான் ஆளைச் சோர்வாக்குகிறது என்பது அவர் வாதம். ஆகவே உங்கள் முழங்கால் மீது பழி போடாதீர்கள். தேசிய அருங்காட்சியகத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் பொருட்கள், காட்சிக்கு வைத்திருப்பது அதில் சிறு பங்கு, அதையே ஒரு நாளில் பார்க்க முடியாது.

நான் செய்வது ஒன்றுதான். வீட்டிலேயே ஒரு பொருளை முடிவு செய்துகொண்டு போவேன், வழியில் இருப்பதையெல்லாம் கல்யாண வீட்டில் தெரியாத ஆட்களைத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுவேன். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த நடனப் பெண்ணை இப்படித்தான் பார்த்தேன். பாடப்புத்தகப் படத்தை வைத்து ஆளுயரம் என்று நினைத்திருந்தேன், மொத்தமே 10.5 சென்டிமீட்டர்! இடது கை முழுக்க வளையல், வலது கையில் நாலு. இடுப்பில் கைவைத்து 'என்ன இப்போ?' என்று கேட்கிற நிற்பு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுகிற முறை, இதே முறையில்தான் நம் சோழர் சிலைகள், இன்றைக்கும் சுவாமிமலையில் அப்படித்தான் வார்க்கிறார்கள். அவளைப் பார்த்துவிட்டு நேராகத் திருவரங்குளத்தாரிடம் போனால் நடுவில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல், நடந்தால் சில நிமிஷம்.

நவீன ஓவியக் கூடம். புரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் அங்கே பாதி புரியாது. அந்தப் பையனுக்கு அது கல்லூரி அசைன்மென்ட்டாக இருந்திருக்கலாம், வெளியே இருந்த வெயிலுக்கு ஏசியாகவும் இருந்திருக்கலாம். அடுத்த முறை வாசலிலேயே ஆரம்பியுங்கள். புல்வெளியில் நான்கு பேர் பாறையை நெம்புகிற சிலை இருக்கும். மெரினா உழைப்பாளர் சிலையேதான், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கு நெடுங்காலம் முதல்வராக இருந்தவர். உள்ளே போய் அம்ரிதா ஷெர்கில்லின் படங்களை மட்டும் பாருங்கள். அஜந்தாவும் மட்டாஞ்சேரி சுவரோவியங்களும் பார்த்து, கன்னியாகுமரி வரை சுற்றிவிட்டுப் போய் 1937-இல் வரைந்த 'பிரம்மச்சாரிகள்' முக்கியம். அந்தக் கறுப்பு உடம்புகளையும் வெள்ளை வேட்டிகளையும் பார்க்க யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம், உங்கள் தெருவில் பார்த்தவைதான். அவர் 1941-இல் இறந்தபோது வயது 28. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கடைசியில் படியுங்கள்.

பிரதமர்கள் அருங்காட்சியகம் வேறு வகை, பெரும்பாலும் திரையும் ஒலியும். எனக்கு அது பிடிக்காது, உங்கள் மகளுக்குப் பிடிக்கலாம். அதைவிட பைரோன் மார்க் கைவினை அருங்காட்சியகத்துக்குப் போங்கள், சார்லஸ் கொரியா கட்டியது, முற்றம் முற்றமாக மரநிழல், உட்கார இடம். ஐயனார் குதிரைகள் நிற்கின்றன, அசல் நம்ம ஊர் சுடுமண்.

மகள் இங்கேதான் இருக்கப்போகிறாள், நீங்கள் எப்படியும் வருவீர்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியில் ரயில் தாமதமாகும், பிப்ரவரி வசதி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலும் விடுமுறை. ஒரு திங்கட்கிழமை மச்சான் குடும்பம் ஏழு பேரை இரண்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிய கேட்டைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.